மணல்திட்டில் மாட்டுப்பண்ணை

அமெரிக்காவில் கொரோனாக் கால வேளாண் நிவாரணம் வாங்க ஆசைப்பட்டவர்களுக்கு முதல் யோசனை: தப்பித் தவறியும் வயலில் இறங்கியிருக்கக் கூடாது. பழம் பறிப்பது, பெட்டியில் அடுக்குவது போன்ற கெட்ட பழக்கங்கள் உள்ளவருக்குக் காசு வரவில்லை. பட்டம் மட்டும் வந்தது: ‘அத்தியாவசியத் தொழிலாளி’.

2020 ஏப்ரலில் வேளாண் அமைச்சர் சானி பெர்டியூ, விவசாயிகளுக்கு நேரடியாக 1,600 கோடி டாலர் என்று அறிவித்தார். பள்ளிகளும் உணவகங்களும் மூடிக் கிடந்தன. கறந்த பாலைக் கீழே கொட்டினார்கள், விளைந்த காய்கறியை உழுது புதைத்தார்கள். நஷ்டம் பொய்யில்லை. பங்கீட்டில்தான் வித்தை. மாடு எத்தனை தலை, சோளம் எத்தனை புஷல் என்று எண்ணிக் கொடுத்தார்கள். இருப்பவனுக்கே எண்ணிக்கை ஏறும். ஆளுக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். நிறுவனமாக இருந்தால் மூன்று பங்குதாரர்களைக் காட்டி 7,50,000 வரை போகலாம், ஒவ்வொருவரும் 400 மணி நேரம் உழைத்திருந்தால். பதற வேண்டாம், ‘நிர்வாகம்’ செய்திருந்தாலும் போதும் என்று விதி இரக்கம் காட்டியது. நாற்காலியில் சாய்ந்து தொலைபேசியில் அதட்டுவதும் ஏர் பிடிப்பதுதானே!

வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா கவுண்டிக்கு வாருங்கள். ஆப்பிளும் செர்ரியும் விளைகிற பூமி. 2020 கோடைத் தொடக்கத்தில், மேற்குக் கரையிலேயே கொரோனாத் தொற்று விகிதம் மிக அதிகமாக இருந்த இடமும் இதுதான். பழக் கூடங்களில் தோளோடு தோள் உரச நின்று பழம் அடுக்கியவர்கள் மே மாதம் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முகக்கவசம், இடைவெளி, கொஞ்சம் ஆபத்துப்படி: இவ்வளவுதான் கேட்டார்கள். சிலர் உண்ணாவிரதமே இருந்தார்கள். நாட்டுக்கே பழம் அனுப்புகிற ஊரில், பழம் அடுக்கியவன் பட்டினி கிடந்துதான் முகக்கவசம் கேட்க வேண்டியிருந்தது.

அந்த 400 மணி நேரத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மாநிலக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.50 டாலர். கூடத்தில் நின்றால் 5,400 டாலரும், அதிர்ஷ்டம் இருந்தால் நுரையீரலும் மிஞ்சும். குடியேற்ற ஆவணம் இல்லாதவருக்கு பெரும்பாலோருக்கு வந்த 1,200 டாலர் அரசுக் காசோலைகூடக் கிடையாது. அதே ஏப்ரலில், வெளிநாட்டு ஒப்பந்தப் பண்ணையாட்களின் கூலியை எப்படிக் குறைக்கலாம் என்று வெள்ளை மாளிகை யோசித்துக்கொண்டிருந்ததாகச் செய்தி வந்தது. பட்டம் கொடுத்தாயிற்று, கூலி வேறா?

ஏழைகளுக்கு உணவுப் பெட்டியும் கொடுத்தார்கள். தேர்தல் நெருங்கியதும் பெட்டிக்குள் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று முளைத்தது. உருளைக்கிழங்கோடு ஓட்டும் வேக வேண்டும் அல்லவா? நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. நிவாரணப் பையில் தலைவர் படத்தைப் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை.

400 மணி நேர ‘நிர்வாகக்’ கஷ்டம்கூட வேண்டாம் என்றவர்கள் பண்ணையையே கற்பனை செய்துகொண்டார்கள். சிறுதொழில்களின் சம்பளப் பட்டுவாடாவுக்கு என்று அரசு ஏற்பாடு செய்த கடன் திட்டத்தில், கேபேஜ் என்ற இணையக் கடன் நிறுவனம் இல்லாத பண்ணைகளுக்கு வாரி வழங்கியதை 2021-ல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. குளிரில் உறையும் மின்னசோட்டாவில் ஆரஞ்சுத் தோப்பு. நியூ ஜெர்சியில் வெறும் மணல்திட்டாக நீளும் கடற்கரையில் மாட்டுப்பண்ணை. கடன் கொடுத்த நிறுவனத்துக்குக் கடனுக்கு இவ்வளவு என்று அரசே கமிஷன் தந்தது. மாடு மேய்கிறதா, மணல் பறக்கிறதா என்று எட்டிப் பார்க்க அதற்கென்ன தலையெழுத்து?

நிஜ மண்ணில் நிஜமாக உழுத கறுப்பின விவசாயிகளின் கதை வேறு. பின்னர் ஏறத்தாழ 2,600 கோடி டாலராக உயர்ந்த வேளாண் நிவாரணத்தில் அவர்களுக்குப் போனது 0.1 சதவீதம் என்று அடுத்து வந்த வேளாண் அமைச்சர் டாம் வில்சாக் ஒப்புக்கொண்டார். அவர்கள் உள்ளிட்ட சிறுபான்மை விவசாயிகளின் கடனைத் தீர்க்க 2021-ல் 400 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் வந்தது. இது பாரபட்சம் என்று வெள்ளை விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 0.1 சதவீதத்தில் தெரியாத பாரபட்சம் அப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. நீதிமன்றம் தடை விதித்தது. 2022-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தக் கடன் தள்ளுபடிப் பிரிவையே ரத்து செய்துவிட்டது.