ஆனிச் சாரலும் மெல்லிசைப் பிறப்பும்: மேலகரத்திலிருந்து ஓர் ஆய்வு

ஆய்வின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களும் மேடையில் எடுத்துவிட வசதியாக இருக்கும். தமிழ்த் திரையிசைக்கு உரிய நாள் ஜூன் 24. அதற்குக் காரணம் குற்றாலச் சாரல்.

முதல் சான்று. 1927 ஜூன் 24 அன்று காரைக்குடிப் பக்கம் சிறுகூடல்பட்டியில் முத்தையா பிறந்தார்; பின்னாளில் கண்ணதாசன் ஆனார். ஓராண்டு கழித்து, 1928-இல் அதே ஜூன் 24 அன்று, பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் விசுவநாதன் பிறந்தார், எம்.எஸ்.வி. ஆனார். ஒருவர் பாட்டு, ஒருவர் மெட்டு. குறிப்பிட்ட இரண்டு பேருக்குப் பிறந்த தேதி ஒத்துப்போக 365-இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு.

இது தற்செயல் என்று சொல்லக் கணக்கு வாத்தியார்கள் வருவார்கள். ஓர் அறையில் 23 பேர் கூடினாலே யாரோ இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும் என்பது அவர்கள் வாதம். கோடம்பாக்கத்தில் நூற்றுக்கணக்கான பேர் பாட்டெழுதி, மெட்டமைத்துப் பிழைத்தார்கள். எவரோ இருவர் பொருந்தத்தான் செய்வார்கள் என்பார்கள். கணக்கு சரி. அதே கணக்குப்படி குற்றாலத்துக்கு 50 பேரோடு வரும் டூரிஸ்ட் பஸ்ஸில் அப்படி ஒரு ஜோடி இருக்க 97 விழுக்காடு வாய்ப்பு உண்டு. சீசன் முழுக்க பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்கிக்கொண்டு போகிறார்களே தவிர, எந்த ஜோடியும் இதுவரை உருப்படியாக ஒரு டூயட் போட்டதாகத் தெரியவில்லை. ஆகவே கணிதம் இங்கே தோற்கிறது.

இனி காரணம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கால் வைப்பது ஜூன் 1 வாக்கில். மலை மறைப்பதால் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அந்த மழை கிடையாது. ஆனால் மலையில் இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன: ஒன்று பாலக்காட்டுக் கணவாய், மற்றொன்று செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு. முதல் வாசலில் விசுவநாதன் பிறந்தார். இரண்டாம் வாசலடியில் இருக்கும் செங்கோட்டை, நாடக மேடையை ஆண்ட எஸ்.ஜி. கிட்டப்பாவின் ஊர். அவர் பிறந்தது 1906 ஆகஸ்ட் 25, அதுவும் சீசனுக்குள்தான். சிறுகூடல்பட்டியில் சாரலே கிடையாதே என்று கேட்கலாம். ஆய்வில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் வழக்கம் இல்லை.

இந்த ஆய்வுக்கு மேலகரத்தை விடத் தோதான இடம் கிடையாது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, அருவிக்குப் போகிறவர்கள் நிற்காமல் கடந்து போகும் ஊர். ஆனால் சினிமாவுக்கு இருநூறு வருஷம் முன்பே ஊர் ஊராகப் பாடி ஆடும்படி ஒன்றை எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்தது இங்கேதான். சிந்தும் கண்ணியுமாக அவர் எழுதிய குற்றாலக் குறவஞ்சிக்கு மதுரை முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் நிலமே எழுதிவைத்தார். அதற்குக் குறவஞ்சிமேடு என்று பெயர். ராயல்டி என்பது இதுதான், ஒரே தவணையில். 1944-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவின் முதல் நாட்டிய நாடகமாக மேடையேற்றியதும் இந்தக் குறவஞ்சியைத்தான். அதே 1944 ஜூன் 24 அன்று இங்கிலாந்தில் கிட்டார் மேதை ஜெஃப் பெக் பிறந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை; இல்லை என்று நிரூபிப்பது எதிர்க்கட்சியின் வேலை.

கவிராயரிடம் ஒரே ஒரு குறை. பிறந்த தேதியை யாரும் குறித்துவைக்கவில்லை. அதனால் எந்தப் பண்பலையின் ‘இன்றைய நாளில்’ பகுதியிலும் அவருக்கு இடமில்லை. போன வருஷம் ஒரே ஒரு பாட்டு எழுதியவருக்குக்கூட இடம் உண்டு, ஆதார் அட்டையில் தேதி இருப்பதால்.

பஞ்சாங்கம்தான் எனக்குப் பெரிய தலைவலி. தமிழ் வழக்கப்படி பிறந்தநாள் என்பது மாதமும் நட்சத்திரமும். அப்படிப் பார்த்தால் கண்ணதாசனுக்கும் எம்.எஸ்.வி.க்கும் பொருத்தமே இல்லை. 1927 ஜூன் 29 அமாவாசை. சூரிய கிரகணம்கூட நிகழ்ந்தது. எனவே கவிஞர் பிறந்தது தேய்பிறையில். மறுவருஷம் அமாவாசை ஜூன் 17-லேயே வந்துவிட்டது, எனவே எம்.எஸ்.வி. வளர்பிறை. நட்சத்திரமும் எங்கேயோ தள்ளிப் போகிறது. ஜோசியரிடம் போயிருந்தால் இந்த ஜோடி சேர்ந்தே இருக்காது. ஆங்கிலத் தேதியை நம்பியதால் தமிழ்ப் பாட்டு பிழைத்தது என்று இதைக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

அதே பஞ்சாங்கம் ஓர் உதவியும் செய்தது. கவிஞர் பிறந்தது பிரபவ வருஷம், அறுபதில் முதலாவது. அவர் 1981-லேயே போய்விட்டார். இருந்திருந்தால் அறுபது நிறைந்து மறுபடி பிரபவ வந்திருக்கும், 1987 ஜூன் 24-இல். அன்றைக்கு அர்ஜென்டினாவில் பிறந்த குழந்தை லயோனல் மெஸ்ஸி. பந்தாட்டமும் பொழுதுபோக்குத்தான் என்பதால் சேர்த்துக்கொண்டேன்.

போட்டி நாள்களை விரைவாக முடித்துவிடலாம். ஜூன் 25 தீவிரமாக முயன்றது. 1967-இல் அன்றுதான் செயற்கைக்கோள் வழியே உலகம் பார்க்க பீட்டில்ஸ் பாடினார்கள். ஆனால் நம் நேரப்படி அது நள்ளிரவைத் தாண்டி 26 ஆகிவிட்டது; தகுதி நீக்கம். ஜூன் முதல் வாரத்தை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. 2 மணிரத்னம், 3 இளையராஜா, 4 எஸ்.பி.பி. இதிலும் சிக்கல்: 3 கலைஞருடைய நாள் என்பதால் இளையராஜா தம் விழாவை 2-க்கு மாற்றிக்கொண்டார். கொண்டாடும் தேதி இப்படி இடம் மாறினால் ஆய்வாளன் எதை நம்புவது? தவிர, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வயது சரியாக வரட்டும் என்று தலைமையாசிரியர்களே தேதி போட்டுக்கொடுத்த காலமும் உண்டு. அந்தச் சந்தேகத்தை நான் போட்டி நாள்களின் மீது மட்டும் ஏவுகிறேன்.

கட்டுரையை மதிப்பீட்டுக்காக டீக்கடையில் வாசித்தேன். கடைசி பெஞ்சில் இருந்த பெரியவர் தம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்: “எல்லாஞ் சரிவே. ராமமூர்த்தி எங்க?”

டி.கே. ராமமூர்த்தி, திருச்சி வயலின்காரர். 1952-இல் ‘பணம்’ தொடங்கி 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை விசுவநாதனோடு இணையாக நின்றவர். மெல்லிசை மன்னர்கள் என்ற பட்டம் பன்மையில்தான் கொடுக்கப்பட்டது. கண்ணதாசன் – எம்.எஸ்.வி. என்று நாம் உருகும் பாட்டுகளில் பாதிக்கு மேல் அந்தக் காலத்தவை. அவர் பிறந்தது 1922 மே 15. அக்கினி நட்சத்திரம், பேரருவியில் பாறைதான் தெரியும்.

“அண்ணாச்சி, கோடை மழை பெஞ்சா மே மாசமும் அருவியில தண்ணி விழும்லா. அவரை அதுல சேத்துக்கிடலாம்” என்றேன்.

“சேத்துக்கிடும். ஆனா வருஷா வருஷம் ஜூன் 24-க்கு ரேடியோவுல ரெண்டு பேரைத்தான் சொல்லுதான். மே 15-க்கு ஒருத்தனும் வாயத் தொறக்கல. ஒம்ம சாரல்ட்ட அதையும் கேட்டுச் சொல்லும்.”

கேள்வி மேலாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.