சீட்டு சர்க்காருடையது, வேன் கட்டணம் யாருடையது?

கேள்வி: தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அரசு ஏன் பணம் கட்ட வேண்டும்? அதை அரசுப் பள்ளிக்கே செலவிடலாமே!
(வாசகர், பரமக்குடி)

பதில்: கட்டச் சொல்வது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மையல்லாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை அரசு ஈடுகட்டும். அதிலும் கைக்கணக்கு உண்டு. அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை, தனியார் பள்ளிக் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். வேன், டை, ஷூ எல்லாம் அப்பா தலையில்!

அந்தப் பணமாவது ஒழுங்காக வந்ததா? ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்று, இந்தக் கட்டண ஈடும் அடங்கிய கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. பெரியவர்கள் மல்லுக்கட்டியதில் 2025-இல் எல்.கே.ஜி. வாண்டுகளின் இலவசச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. அதற்குள் காலாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது.

உங்கள் யோசனை நல்லதுதான். ஆனால் அரசுப் பள்ளிக்குப் பணம் மட்டும் போதாது, செல்வாக்குள்ள பெற்றோரும் வேண்டும். 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், உத்தரப் பிரதேச அரசு ஊழியர்களும் மக்கள் பிரதிநிதிகளும் தம் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கே அனுப்ப ஏற்பாடு செய்யச் சொன்னது. தீர்ப்பு பத்திரமாக இருக்கிறது, ஏட்டில்.