சென்னைக்குக் குடிபெயரும் ரஸிகர்களுக்கு

1927-ஆம் வருஷத்துக் காங்கிரஸ் மகாசபையையொட்டி நடந்த சங்கீத மாநாட்டின் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றிய நகரமும், 2017-இல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தாரால் சங்கீத நகரமென்று அங்கீகரிக்கப்பட்டதுமான சென்னைக்குக் குடிபெயரலாமா என்று யோசிக்கும் ரஸிகர்களை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். தண்ணீர் லாரி, ஐப்பசி வெள்ளம் முதலிய லௌகிக விசாரங்கள் ரஸனைக்குப் பகை. மயிலாப்பூரில் வீடு கிடைப்பது துர்லபம், கிடைத்தாலும் வாடகை கட்டாது. ஆகையால் கூடுவாஞ்சேரியில் ஜாகை அமர்த்தி, மின்சார ரயிலில் ஒரு கையால் தொங்கி மறுகையால் தாளம் போட்டு, சபாவை அடைவதற்குள் மங்களம் பாடி முடிந்துவிட்டாலும், காண்டீனில் அடை அவியலாவது மிஞ்சியிருக்கும். கச்சேரியைவிட அங்கேதான் கூட்டம் அதிகம் என்பதால், கலையின் மூலஸ்தானத்தையே தரிசித்ததாகக் கொள்ளலாம்.

முன்வரிசையில் வீற்றிருப்பவர்களோ மயிலாப்பூரில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, மார்கழிக்கு மட்டும் விமானத்தில் வந்திறங்குகிறவர்கள். ஆகவே சென்னையின் கலைச்செல்வத்தைக் குறைவற அனுபவிக்க விரும்பும் அன்பர்கள் காலதாமதமின்றி அந்த அமெரிக்காவிலுள்ள கிளீவ்லந்துக்குக் குடிபெயரும்படி கேட்டுக்கொள்கிறேன். அங்கே 1978 முதல் தியாகராஜ ஆராதனையும் நடந்து வருகிறது.