ஏழுமலையில் வம்பை விலைக்கு வாங்குவது எப்படி?

திருப்பதிக்குப் போனோம், மொட்டை அடித்தோம், தரிசனம் முடித்தோம், லட்டோடு திரும்பினோம் என்பது எல்லாரும் சொல்லும் கதை. ஆனால் அலிபிரியிலிருந்து மேலே ஏறும் நடைபாதை ஒரு காட்டின் ஊடே போகிறது. 1989-ல் அமைந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவும், 2010-ல் அறிவிக்கப்பட்ட சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் அங்கேதான் இருக்கின்றன. சிறுத்தை, கரடி, செந்நாய், கடமான், தேவாங்கு என்று அத்தனை பேர் குடியிருக்கும் இடத்துக்குப் போய், ஒரு வம்பும் இல்லாமல் திரும்பினால் ஊரில் யார் மதிப்பார்கள்? துணிந்தவர்களுக்காக இந்த வழிகாட்டி.

1. தாராளமாகச் சாப்பாடு சிந்துங்கள்.

புளியோதரைப் பொட்டலத்தை முழுதாகச் சாப்பிடுவது கஞ்சத்தனம். பாதியைப் பாதையோரம் வீசுங்கள். குரங்கும் நாயும் காட்டுப்பன்றியும் தேடி வரும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டி வாழும் சிறுத்தைகளின் உணவில் தெருநாய்க்குப் பெரிய பங்கு உண்டு. மானைத் துரத்தி மூச்சு வாங்குவதைவிட, எச்சில் இலையருகே நிற்கும் நாயைப் பிடிப்பது எளிது என்ற கணக்கு சிறுத்தைக்குத் தெரியும். பந்தியை ஆரம்பித்து வைப்பது நீங்கள். கடைசிப் பந்திக்கு யார் வருவார் என்பது உங்கள் கையில் இல்லை.

2. குரங்கைப் பார்த்துப் பல்லைக் காட்டுங்கள்.

கண்ணுக்குக் கண் உற்றுப் பார்ப்பது குரங்குச் சமூகத்தில் சண்டைக்கு அழைப்பு. பல்லை இளிப்பது பெரும்பாலும் "பயந்துவிட்டேன், விட்டுவிடு" என்பதற்கு அடையாளம். முறைத்துக்கொண்டே சிரிக்கும் மனிதனைக் கண்டால் அது என்னதான் முடிவுக்கு வரும்? கைப்பையைப் பறிப்பதே சுலபம் என்று நினைத்துவிடும். பாலித் தீவின் உலுவாத்து கோவில் குரங்குகள் இந்தத் தொழிலில் இன்னும் தேர்ந்தவை. சுற்றுலாப் பயணிகளின் பொருளைப் பறித்து, தின்பண்டம் கொடுத்தால்தான் திருப்பித் தரும். மனிதர்கள் எதை அதிகம் மதிக்கிறார்கள் என்பதை வளர்ந்த குரங்குகள் கற்றுவைத்திருக்கின்றன என்று 2021-ல் வெளியான ஆய்வு காட்டியது. செல்போனுக்குச் சில்லறைத் தீனி போதாது. ஏழுமலைக் குரங்குகளுக்கும் இந்தக் கல்வியை அளிக்கும் பெருமை உங்களையே சேரட்டும்.

3. கூட்டத்தை விட்டுப் பிரிந்து, இருட்டில் குனிந்து உட்காருங்கள்.

நிமிர்ந்து நடக்கும் மனிதன் சிறுத்தையின் கண்ணுக்கு இரையாகத் தெரிவதில்லை. பொதுவாக ஒதுங்கியே போகும். குனிந்தவர், உட்கார்ந்தவர், குழந்தை ஆகியோரின் உயரம்தான் அது வழக்கமாக வேட்டையாடும் விலங்கின் உயரம்.

2023 ஆகஸ்டில் இதே பாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. அந்த இடத்தில் கேலிக்கு வேலையில்லை. அதன்பின் தேவஸ்தானம் பிற்பகல் 2 மணிக்கு மேல் சிறுவர்களை நடைபாதையில் விடாமல் தடுத்தது. பக்தர்களைக் கூட்டமாக அனுப்பியது. கையில் தடியும் கொடுத்தது. தடியைப் பார்த்துத்தான் பலர் சிரித்தார்கள். சிறுத்தையை அடிக்க அது உதவாதுதான். ஆனால் தடியூன்றி நிமிர்ந்து, கூட்டத்தோடு சத்தம் போட்டு நடப்பவரை நெருங்கச் சிறுத்தை யோசிக்கும். ஆகவே வம்பு வேண்டுவோர் தடியை வாங்கக் கூடாது.

4. கரடியின் பூஜையில் புகுங்கள்.

சிவபூஜையில் கரடி புகுந்த கதையைக் காலங்காலமாகச் சொல்லி அதன் பெயரைக் கெடுத்துவிட்டோம். பதிலுக்கு அதன் சாப்பாட்டு நேரத்தில் நாம் புகலாம். நம் ஊர்க் கரடிக்கு மேல்வரிசை நடுப்பற்கள் இரண்டு கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான், மூக்கை மூடிக்கொண்டு, கரையானைப் புற்றிலிருந்து உறிஞ்சும். அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். தன் சத்தத்தில் தானே மூழ்கியிருப்பதால் நீங்கள் வருவது அதற்குத் தெரியாது; பார்வையும் மட்டு. திடுக்கிட்டால் ஓடுவதைவிடப் பாய்வதையே விரும்பும். முதுகில் குட்டிகளைச் சுமக்கும் தாயென்றால் கேட்கவே வேண்டாம். பள்ளிக்கூடக் கதையில் வரும் நண்பனைப்போல் மரமேறிப் பாருங்கள். தேனுக்காகத் தினமும் ஏறுகிறவரிடம் உங்கள் திறமை எடுபடாது.

5. தங்கத்தைச் சுரண்டிப் பாருங்கள்.

காஞ்சிபுரம் வரதராஜர் கோவிலில் தங்கப்பல்லியைத் தொட்டு வந்தவர்களுக்கு, உயிருள்ள தங்கப்பல்லி ஏழுமலைப் பாறை இடுக்குகளில் இருப்பது தெரியாது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லி பொன்மஞ்சளாக மின்னும். பல பெண் பல்லிகள் ஒரே பாறையில் முட்டைகளை ஒட்டிவைக்கும். அந்தப் பாறையில் உங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் செதுக்கினால் ஒரு தலைமுறையையே ஒழிக்கலாம்.

தேவாங்கையும் விட்டுவைக்க வேண்டாம். அது தன் சிறுநீரையே கை, கால், முகத்தில் தேய்த்துக்கொள்ளும். விஷப்பூச்சிகளைத் தின்பதால் வரும் எரிச்சலைத் தணிக்கவே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதைப் பிடித்து மந்திரிப்பவர்களிடம் கொடுக்க நினைப்பவர்கள், முதலில் அந்தக் கையைக் குலுக்கிப் பார்க்கட்டும். பிறகு சட்டம் வந்து இவர்கள் கையைப் பிடிக்கும்.

6. திரும்பும் வழியில் யானையோடு செல்பி.

பலமநேர், குப்பம் பக்கம் கௌண்டின்யா சரணாலயம் இருக்கிறது. சுமார் இருநூறு ஆண்டுகள் ஆந்திரத்தில் காட்டுயானையே இல்லாதிருந்து, 1980-களில்தான் தமிழக, கர்நாடக எல்லைப் பக்கமிருந்து அவை இங்கே குடியேறின. நாளுக்கு 150 கிலோ தீனி வேண்டும். கரும்பும் மாங்காயும் வயலிலேயே கிடைக்கின்றன. மணம் அறியும் மரபணுக்கள் நாயைப்போல் இரு மடங்கு உண்டு என்பதால், நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது உங்களை மோந்துவிட்டிருக்கும். காதை விரித்துப் பாய்வது பல நேரம் வெறும் மிரட்டல்தான். எந்த நேரம் நிஜம் என்பதை நீங்களே சோதித்துச் சொல்லலாம். ஆனால் அது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும்.

இந்தப் பெரிய உடம்பு அஞ்சுவது தேனீக்கு! கென்யாவில் வயல் வேலியில் தேன்கூடுகளைத் தொங்கவிட்டு யானையைத் தள்ளி நிறுத்துகிறார்கள். இங்கே 2025 மே மாதம் கர்நாடகம் நான்கு கும்கிகளை ஆந்திரத்திடம் ஒப்படைத்தது. யானையை விரட்டப் பழகிய யானை கிடைத்துவிட்டது. செல்பிக்காரரை விரட்டப் பழகிய மனிதன்தான் இன்னும் கிடைக்கவில்லை.

கோழைகளுக்கான மாற்று வழி

பகலில் ஏறுங்கள். குழந்தைகளை நடுவில் விட்டுக் கூட்டமாக நடங்கள். பொட்டலத்தை மடித்துப் பையில் வையுங்கள். குரங்கைக் கண்டால் வேறெங்கோ பாருங்கள். பல்லியைத் தூரத்திலிருந்து ரசியுங்கள். யானை சாலையைக் கடந்தால் வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். இப்படிச் செய்தால் ஊரில் சொல்வதற்கு ஒரு கதையும் இருக்காது. லட்டை மட்டும்தான் பங்கு போட வேண்டியிருக்கும்.