யானைக்குக் கடன், அங்குசத்துக்குப் பேரம்

வல்லூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் வைத்திருக்கும் மாவட்டம் நம்முடையது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தம்பியோ கணினிக்கு 550 வாட் தேடி ரிச்சி தெருவுக்கு ரயிலேறுகிறார். ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டைத் தவணையில் வாங்கியாயிற்று. அது ஒன்றே 170 வாட் விழுங்கும். இவற்றுக்கெல்லாம் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு மட்டும், “அண்ணே, எண்ணூறு ரூபாய்க்குள்ள ஏதாவது இருக்கா?”

இல்லாமல் என்ன? பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘500 வாட்’. பக்கவாட்டு லேபிளில் பொடி எழுத்தில் ‘12 வோல்ட், 18 ஆம்பியர்’. பெருக்கினால் 216 வாட். மிச்சம் 284 வாட் அட்டைப்பெட்டியின் தன்னம்பிக்கை. பிராசஸருக்கும் கார்டுக்கும் தீனி போடுவது அந்தப் பொடி எழுத்துதான்.

தம்பி, பர்ஸைத் திறக்கும் முன் லேபிளைத் திருப்பிப் பெருக்கிப் பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால், கணக்கு சரி என்று அர்த்தம்.