வண்டி இல்லாத விளம்பரமும் ஆள் இல்லாத சாலையும்

2024 நவம்பரில் ஜாகுவார் நிறுவனம் முப்பது விநாடிப் படம் ஒன்றை வெளியிட்டது. லிஃப்ட் கதவு திறக்கிறது. கண்ணைப் பறிக்கும் நிறங்களில் உடுத்திய சிலர் இறங்குகிறார்கள். எதிரே இளஞ்சிவப்பில் ஒரு பாறை வெளி. பூமியா வேறு கிரகமா என்று சொல்லத் தெரியவில்லை. ஒருவர் பிரஷ்ஷால் கோடு இழுக்கிறார். ஒருவர் மஞ்சள் சம்மட்டியைத் தூக்குகிறார். எல்லோர் முகத்திலும் ஒரே இறுக்கம். சிரித்தால் பொருளின் விலை இறங்கிவிடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நடுநடுவே கட்டளைகள்: துடிப்பாக வாழ், சாதாரணத்தை அழி, அச்சை உடை, எதையும் காப்பியடிக்காதே. படம் முடிந்தது. கார் வரவே இல்லை. ஒரு டயர்கூட உருளவில்லை.

"நீங்கள் கார் விற்கிறீர்களா?" என்று எலான் மஸ்க் எக்ஸ் தளத்தில் கேட்டார். ஊரே சிரித்தது. நான் மட்டும் ஜாகுவார் கட்சி. அந்த நேரத்தில் பிரிட்டனில் புது ஜாகுவார் விற்பனையையே நிறுத்தியிருந்தார்கள். பழைய மாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு மூடுவிழா நடந்துவிட்டது. புது மின்சார வண்டி எப்போதோ வரும். விற்க வண்டி இல்லை, விளம்பரத்திலும் வண்டி இல்லை. கார் விளம்பர வரலாற்றில் இதைவிட நேர்மையான படம் வந்ததாக எனக்கு நினைவில்லை. (நடித்தவர்களின் உடையையும் தலைமுடியையும் பிடித்துக்கொண்டு வசைபாடிய கூட்டத்தோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) ஒரே ஒரு உறுத்தல்தான். 'ஜாகுவார் எதன் காப்பியாகவும் இருக்கக் கூடாது' என்றவர் நிறுவனர் வில்லியம் லயன்ஸ். காப்பியடிக்காதே என்ற உபதேசத்தையே தாத்தாவின் நோட்டுப் புத்தகத்திலிருந்து காப்பியடித்திருக்கிறார்கள்.

அதன்பின் விளம்பர உலகில் பட்டிமன்றம் களைகட்டியது. தலைப்பு பழையதுதான்: சொகுசுக் கார் விளம்பரம் விற்க வேண்டியது பிராண்டின் பிம்பத்தையா, வண்டியின் வசதிகளையா? இரண்டு அணியும் மேடையில் இருக்கிறார்கள். நடுவர் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. யாரும் அழைக்கவில்லை என்றாலும் நான் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

பிம்ப அணி முதலில். இவர்களின் ஆதிக் காவியம் 1989இல் வந்தது. நிஸான் நிறுவனம் இன்ஃபினிட்டி என்ற சொகுசு பிராண்டை அமெரிக்காவில் இறக்கியபோது விளம்பரத்தில் பாறை காட்டினார்கள், மரம் காட்டினார்கள், தண்ணீர் காட்டினார்கள். காரை மட்டும் காட்டவில்லை. அதே ஆண்டு டொயோட்டாவின் லெக்ஸஸ் என்ன செய்தது தெரியுமா? காரின் பானெட் மேல் ஷாம்பெயின் கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கி, எஞ்சினை முறுக்கிக் காட்டியது. ஒரு கிண்ணமும் விழவில்லை. சந்தையில் லெக்ஸஸ் முந்திக்கொண்டது. பாறைக்கும் மரத்துக்கும் கிராக்கி கூடியதாக அந்தக் காலத்தில் ஒரு நக்கல் உண்டு.

பாறை பாவம், யாரையும் திட்டவில்லை. 2014இல் வந்த கேடில்லாக் படம் திட்டியது. நீச்சல் குளம் உள்ள மாளிகை. உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கும் ஒரு கனவான் நம்மைப் பார்த்துப் பேசிக்கொண்டே நடக்கிறார். பிற நாட்டார் வேலை முடிந்ததும் காபிக்கடையில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறார்களாம், ஆகஸ்ட் முழுக்க லீவு போடுகிறார்களாம். அமெரிக்கர்கள் அப்படியில்லை, பைத்தியம் பிடித்தது போல் உழைப்பவர்களாம். நிலவுக்குப் போனோம், அங்கே ஒரு காரை விட்டுவிட்டு வந்தோம், சாவியையும் அதிலேயே வைத்துவிட்டு வந்தோம் என்று மார்தட்டுகிறார். கடைசியில் கோட்டு மாட்டிக்கொண்டு காரில் ஏறுகிறார். கார் எப்படி ஓடும், எவ்வளவு தூரம் போகும் என்று ஒரு வார்த்தை கிடையாது. 75,000 டாலர் விலை வைத்த அந்த வண்டியின் உள்ளே இருந்த மின்சார அமைப்பு, கேடில்லாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் பாதி விலைக்கும் குறைவாக விற்ற ஷெவ்ரலே வோல்ட்டினுடையது. மேல்சட்டையை மாற்றி மீதிப் பணத்துக்குத் திமிரை விற்றார்கள்.

சாவி என்றேனல்லவா. அந்தப் படம் ஓடிய அதே 2014 பிப்ரவரியில் அதே ஜெனரல் மோட்டார்ஸ் தன் சிறிய, மலிவான கார்களைத் திரும்பப் பெறத் தொடங்கியது. காரணம் சாவி. இக்னிஷன் ஸ்விட்ச்சில் கோளாறு. சாவிக்கொத்து கொஞ்சம் கனமாக இருந்தால், அல்லது முழங்கால் பட்டால், ஓடுகிற வண்டியில் சாவி தானாகத் திரும்பி எஞ்சின் அணைந்துவிடும். ஸ்டியரிங் இறுகும். மோதினால் ஏர்பேக் விரியாது. நிறுவனத்துக்குள் பத்தாண்டுக்கு மேலாக இது தெரியும். மாற்ற வேண்டிய பாகத்தின் விலை ஒரு டாலருக்கும் கீழே. கடைசியில் 26 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். நிறுவனமே அமைத்த இழப்பீட்டு நிதி ஒப்புக்கொண்ட சாவுகள் 124. லீவு எடுக்காமல் உழைக்கிற அந்த மகாஜாதியில் ஒருவருக்கும் பத்தாண்டில் அந்த வண்டிகளைத் திரும்பப் பெற நேரம் கிடைக்கவில்லை. பிம்ப அணியின் அருமை இப்போது விளங்குகிறதா? நிலவில் விட்ட சாவியைப் பற்றிப் பேசினால் தரையில் திரும்பிய சாவியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

வசதி அணிக்கு இப்போது கைதட்டல் பலமாக விழும். பொறுங்கள். இவர்களின் குலதெய்வம் டேவிட் ஓகில்வி. 1958இல் ரோல்ஸ் ராய்ஸுக்கு அவர் எழுதிய விளம்பரம் இன்றும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அறுபது மைல் வேகத்தில் போகும்போது காருக்குள் கேட்கிற பெரிய சத்தம் மின்கடிகாரத்தினுடையது என்பது தலைப்பு. கீழே பொடி எழுத்தில் வரிசையாகத் தகவல்கள். 13,995 டாலர் என்று விலையும் போட்டிருந்தார். வாரக்கணக்கில் உட்கார்ந்து காரைப் பற்றிப் படித்துவிட்டு எழுதிய மனிதர் அவர். அந்தத் தலைப்பும் ஒரு கார்ப் பத்திரிகையின் சோதனைக் குறிப்பிலிருந்து எடுத்ததுதான். சரி, மரியாதை செய்ய வேண்டியவர். ஆனால் அவர் பேரைச் சொல்லிப் பிழைக்கிற வாரிசுகளின் லட்சணத்தைப் பாருங்கள்.

1970களில் கிரைஸ்லர் தன் கார்டோபா காரின் சீட்டை 'கொரிந்தியன் லெதர்' என்று விளம்பரப்படுத்தியது. நடிகர் ரிக்கார்டோ மொண்டல்பான் அதைச் சொன்ன அழகில் கிரேக்க நாட்டு மாடே கண்முன் வந்து நின்றது. கொரிந்துக்கும் அந்தத் தோலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெயர் விளம்பர ஏஜென்சி கட்டியது. அதையாவது சிரித்து விட்டுவிடலாம்.

2010இல் அமெரிக்காவின் சூப்பர் பௌல் ஆட்டத்தின் இடையே ஆடி ஒரு படம் போட்டது. 'பசுமைப் போலீஸ்' ஊருக்குள் நுழைந்து, கடையில் பிளாஸ்டிக் பை கேட்டவரைப் பிடிக்கிறது, பேட்டரியைக் குப்பையில் போட்டவரை வளைக்கிறது. சாலையில் சோதனைச் சாவடி. வரிசையில் நிற்கும் ஆடி ஏ3 டீசல் காரைப் பார்த்ததும் போலீஸுக்கு முகம் மலர்கிறது. சுத்த டீசல்! போகலாம் ஐயா! தெளிவான, அளந்து சொல்லக்கூடிய, வசதி அணி மெச்சுகிற தகவல். 2015 செப்டம்பரில் உண்மை வெளியே வந்தது. ஆடியின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் ஒரு மென்பொருளைப் பதுக்கி வைத்திருந்தது. சோதனைக்கூடத்தில் நிற்கிறோமா, சாலையில் ஓடுகிறோமா என்று அது கண்டுபிடித்துவிடும். சோதனையில் மட்டும் புகையை அடக்கி வாசிக்கும். சாலைக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப் போல நாற்பது மடங்கு வரை. இந்த ஏமாற்று மென்பொருள் உலகம் முழுக்க 1.1 கோடி கார்களில் இருந்தது. பிளாஸ்டிக் பைக்காக ஒருவனை மடக்கிப் பிடித்த அதே படத்தில் தப்பிப் போன குற்றவாளி யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. எழுதும்போதே கை கூசுகிறது. டீசல் புகை அவ்வளவு ஒன்றும் கெடுதல் இல்லை என்று நிரூபிக்க ஃபோக்ஸ்வாகன், டெய்ம்லர், பிஎம்டபிள்யூ ஆகியவை பணம் போட்டு நடத்திய ஓர் ஆய்வு அமைப்பு, 2014இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் பத்துக் குரங்குகளைக் காற்றுப்புகாக் கூண்டில் அடைத்து, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் புகையைச் சுவாசிக்க வைத்தது. குரங்குகள் அமைதியாக இருக்க எதிரே டிவியில் கார்ட்டூன் ஓடியது. அந்தக் காரிலும் ஏமாற்று மென்பொருள் இருந்தது. குரங்கிடமும் பொய் சொன்ன தொழில் இது. கூண்டுக்குள் புகை, எதிரே கலர்ப்படம். நம் வரவேற்பறையில் கிரிக்கெட் ஓவர்களுக்கு நடுவே நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

வசதியை விற்றுத் தீர்த்த பிறகு வாடகைக்கும் விட்டார்கள். 2022இல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில் சீட்டைச் சூடாக்க மாதச் சந்தா கேட்டது. பிரிட்டனில் 15 பவுண்டு. சூடாக்கும் கம்பி ஏற்கெனவே சீட்டுக்குள் இருக்கிறது; உட்காருகிறவர் அதற்கும் சேர்த்துப் பணம் கட்டித்தான் காரை வாங்கியிருக்கிறார். எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த ஆண்டு கைவிட்டார்கள்.

ஆக இரண்டு அணிக்கும் சண்டை என்பதே வேஷம். ஒருவர் காரை ஒளிக்கிறார், மற்றவர் காரின் குற்றத்தை ஒளிக்கிறார். இரண்டு பேருக்கும் படியளக்கிற கை ஒன்றே. இரண்டு அணி எடுக்கும் படங்களிலும் மாறாமல் இருப்பது ஒன்று: சாலை காலி. மலை வளைவு, கடலோரம், மழையில் நனைந்த நள்ளிரவு நகரம். எங்கும் நம் வண்டி ஒன்றே ஒன்று. பேருந்து இல்லை, சைக்கிள் இல்லை, சாலையைக் கடக்கிற கிழவி இல்லை. 'சாதாரணத்தை அழி' என்று ஜாகுவார் எழுத்தில் போட்டதை மற்றவர்கள் எப்போதோ படமாகவே எடுத்து முடித்துவிட்டார்கள். அழிக்கப்பட்ட சாதாரணம் நாம்தான்.

அழிக்கச் சொன்னவர்களுக்கே ஒருநாள் சாதாரணம் தேவைப்பட்டது. 2025 ஆகஸ்ட் கடைசியில் ஜாகுவார் லேண்ட் ரோவரின் கணினிகள் மீது இணையத் தாக்குதல் நடந்து, உற்பத்தி ஐந்து வாரம் போல நின்றது. உதிரிப்பாகம் செய்து தரும் சிறு நிறுவனங்கள் கையைப் பிசைந்தன. 150 கோடி பவுண்டு கடனுக்குப் பிரிட்டன் அரசு உத்தரவாதம் கொடுத்தது. பஸ்ஸில் போகிறவனின் வரிப்பணம்தான் அதற்குப் பிணை.

நம் நாட்டில் அந்தக் காலிச் சாலை எப்படி முடிகிறது? 2024 மே 19, புனே, கல்யாணி நகர், அதிகாலை. கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ள போர்ஷே டைகான் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் செத்தார்கள். ஓட்டியது 17 வயதுச் சிறுவன் என்பது வழக்கு. அந்தக் காருக்கு நிரந்தரப் பதிவு எண்கூட இல்லை. காரணம், பதிவுக் கட்டணம் 1,758 ரூபாய் கட்டப்படவில்லை. சிறுவனுக்கு அன்றைக்கே ஜாமீன். நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துகளைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை. நாடு கொதித்த பிறகுதான் அந்த உத்தரவு மாறியது. விளம்பரம்தான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதிரே ஆளே வராத சாலையைக் குழந்தைப் பருவம் முதல் ஒருவன் கண்ணில் ஓட்டிக் காட்டியது யார்?

இந்தியாவில் விளம்பரத் துறையினர் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட தர மன்றம் ஒன்று இருக்கிறது. கார் விளம்பரங்கள் போக்குவரத்து விதிமீறலையும் ஆபத்தான வேகத்தையும் காட்டக் கூடாது என்று அது விதி வைத்திருக்கிறது. சாகசம் காட்டினால் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும். போடுகிறார்கள், எறும்பு படிக்கிற எழுத்தில்.

ஜாகுவார் 2008 முதல் டாடாவின் சொத்து. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய்த் திட்டமாக டாடாவும் ஜாகுவார் லேண்ட் ரோவரும் கார் செய்யும் ஆலைக்கு 2024 செப்டம்பரில் முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். வேலை வரட்டும், வாழட்டும். ஆனால் அங்கிருந்து புறப்படும் கார் ஓடப்போவது இளஞ்சிவப்புக் கிரகத்தில் அல்ல. லாரியும் ஷேர் ஆட்டோவும் தப்புப் பக்கம் வரும் டூவீலரும் நிறைந்த சென்னை, பெங்களூரு நெடுஞ்சாலையில். படத்தை அங்கே, மாலை ஆறு மணிக்கு எடுங்கள் என்று சட்டம் போட்டால் என்ன?

நடுவர் தீர்ப்பு: இரண்டு அணிகளும் தோற்றன. கார் விளம்பரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஏஜென்சியிடம் விட்டால் பாறையும் பொய்யும்தான் மாறி மாறி வரும். மோதினால் எதிரே நடந்து வருகிறவன் என்ன ஆவான், இதுவரை எதற்காகத் திரும்பப் பெற்றீர்கள், சாலையில் அளந்த புகை எவ்வளவு என்று கார் பெயரின் அளவுக்கே பெரிய எழுத்தில் போடச் சொல்ல வேண்டியது அரசு. முடியாத காரியமில்லை. பிரான்சில் 2022 மார்ச் முதல் ஒவ்வொரு கார் விளம்பரமும் குறுந்தூரத்துக்கு நட, சைக்கிளில் போ, அன்றாடம் பொதுப் போக்குவரத்தில் ஏறு, காரைப் பகிர்ந்துகொள் என்ற வாசகங்களில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 50,000 யூரோ வரை அபராதம்.