ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு காவி

துறவி என்றால் பாரதம் காலில் விழும் என்பார்கள். விழும்தான். எந்தக் காலில் என்று பார்க்க, 2011 ஜூனில் டேராடூனை அடுத்த ஜாலி கிராண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும்.

ஒரு கட்டிலில் பாபா ராம்தேவ். கறுப்புப் பணத்தை மீட்க டெல்லி ராம்லீலா மைதானத்தில் பட்டினி உட்கார்ந்தவர். நடுராத்திரி போலீஸ் வந்ததும் சுடிதார் போட்டுக்கொண்டு தப்பப் பார்த்தவர். ஒன்பது நாள் விரதம். வாசலில் கேமராக் கூட்டம், தலைவர்கள் வரிசை. ஜூன் 12 அன்று ஸ்ரீஸ்ரீ ரவிசங்கர் முதலானோர் பழச்சாறு புகட்ட, நாடு பெருமூச்சு விட்டது.

அதே ஆஸ்பத்திரியில் இன்னொரு காவியும் கிடந்தது. சுவாமி நிகமானந்தா, ஹரித்வார் மாத்ரி சதன் ஆசிரமத்துக்காரர். கங்கைப் படுகையை வெட்டிக் கிரஷருக்கு அனுப்பாதீர்கள் என்பதுதான் அவர் கேட்டது. பிப்ரவரி 19இல் சோற்றை நிறுத்தினார். 68ஆம் நாள் தூக்கிப் போனார்கள். பிறகு கோமா. பழச்சாறு வைபவம் முடிந்த மறுநாள், ஜூன் 13, செத்துப்போனார். அப்புறம்தான் கேமராக்களுக்கு அவர் இருந்த பக்கம் கண் திறந்தது. ஒரே ஆஸ்பத்திரி ஐயா, ஒரே ஆஸ்பத்திரி!

தப்பு அவர் மேல்தான். டிவியில் வயிற்றை எக்கிக் காட்டினாரா? நெய் விற்றாரா? ஓட்டு யாருக்கென்று அருள்வாக்குச் சொன்னாரா? கங்கையைத் தாய் என்று மேடையில் சொன்னதை நம்பித் தொலைத்தார். நம்புகிற சாமியாரை வைத்துக்கொண்டு எந்தச் சர்க்கார்தான் என்ன செய்யும்?

ஆட்சி மாறியது. 2018இல் இன்னொரு பைத்தியக்காரர்: சுவாமி சானந்த், 86 வயது. பூர்வாசிரமத்தில் ஜி.டி. அகர்வால், கான்பூர் ஐஐடி பேராசிரியர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதல் உறுப்பினர் செயலர். அணை வேண்டாம், மணல் அள்ளாதே, கங்கையை ஓடவிடு என்று பிரதமருக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். பதில் இல்லை. ஜூன் 22 தொடங்கி 111 நாள் கிடந்து, அக்டோபர் 11 அன்று ரிஷிகேஷ் எய்ம்ஸில் உயிரை விட்டார். பிரதமரின் இரங்கல் ட்வீட் மட்டும் தாமதமில்லாமல் வந்து சேர்ந்தது.

2025 கும்பமேளாவில், நீராட வந்த சாமியார்கள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவினார்கள். பிரயாக்ராஜில் பல இடங்களில் எடுத்த தண்ணீரில் மலக்கிருமி அளவு மீறியிருக்கிறது, குளிக்கும் தரத்தில் இல்லை என்று அந்த மேளா நடந்துகொண்டிருந்தபோதே பசுமைத் தீர்ப்பாயத்தில் அறிக்கை வைத்தது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

சானந்த் வேலை பார்த்த அதே வாரியம்.